வியன்னா - ரோம், 765 கி.மீ.

ராஜபாளையம் மைதானத்தின் மூன்றாவது சுற்றில், வேப்பமரத்தடியில் முத்துராமலிங்கம் நின்றார். அவர் நின்றால், உடன் நடக்கிறவர்களும் நிற்க வேண்டும் என்பது 'அதிகாலைச் சிங்கங்கள்' நடைக் குழுவில் எழுதாத சட்டம். சிங்கங்களின் சராசரி வயது அறுபத்தாறு. எல்லோரும் நின்று, இடுப்பில் கைவைத்து, மூச்சு வாங்கினார்கள்.

"ஆண்டிச்சாமி, வியன்னாவுக்கும் ரோமுக்கும் எம்புட்டுத் தூரம் இருக்கும்னு நினைக்கீக?"

ஆண்டிச்சாமிக்குச் சோழபுரத்தில் தென்னந்தோப்பு. வெயிலில் நின்று கறுத்த மனிதர், வாய் மட்டும் நிழலில் வளர்ந்தது போலக் குளுமையாகப் பேசும். "நேத்துத்தான சொன்னீக எஸ்.ஐ. எழுநூத்தி அறுபத்தஞ்சு."

"அது வானத்துல, நேர்கோட்டுல. ரோட்டுல போனா ஆயிரத்து நூறுக்கு மேல. ப்ளைட்ல எம்புட்டு நேரம்?"

"அதையும் நேத்தே சொல்லிட்டீக. ஒரு மணி முப்பத்தஞ்சு நிமிசம். நாம இங்கேருந்து மதுரைக்குப் போகவே ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகுது. அதுவும் ஒத்தக்கால்ல நின்னுக்கிட்டு."

சிங்கங்கள் சிரித்தன. முத்துராமலிங்கமும் சிரித்தார். மதுரைக்குப் போகிறவர்களைப் பார்த்து ரோமுக்குப் போகிறவர் சிரிக்கிற சிரிப்பு அது.

அவர் காவல்துறையில் முப்பத்தாறு வருடம் இருந்து, சிறப்பு சார்பு ஆய்வாளராக ஓய்வு பெற்றவர். சார்பு ஆய்வாளரைவிடச் சற்றுக் கீழானவர் என்பதைக் காட்டத்தான் அந்தச் 'சிறப்பு' சேர்க்கப்படுகிறது. ஊர் பெரிய மனதோடு அதை விட்டுவிட்டு எஸ்.ஐ. என்றது. அவரும் பெரிய மனதோடு திருத்தாமல் இருந்தார்.

மகன் பாண்டிதுரைக்கு வியன்னாவில் கணினி வேலை. மருமகளுக்குப் பிரசவ நேரம். அம்மாவும் அப்பாவும் வர விசா போடச் சொல்லியிருந்தான். பஸ் நிலையத்துக்கு எதிரே டிராவல்ஸ் வைத்திருக்கும் விக்னேஷ்வரன்தான் காகிதங்களைத் தயார் செய்தான். எம்பஸியில் பயணத் திட்டம் கேட்பார்கள் என்று ஒரு தாளில் நாள்வாரியாக அச்சடித்துக் கொடுத்தான். ஒன்பதாம் நாள்: வியன்னா - ரோம், தூரம் 765 கி.மீ., விமான நேரம் 1 மணி 35 நிமிடம். பத்தாம் நாள்: ரோம் நகர் சுற்றிப் பார்த்தல். பதினோராம் நாள்: வியன்னா திரும்புதல்.

"இது சும்மா பேப்பர்தான்யா, காட்டுறதுக்கு. டிக்கெட்டு கிடையாது. சுத்திப் பாக்கப் போறோம்னு சொன்னா விசா லேசாக் கிடைக்கும்" என்று விக்னேஷ்வரன் தெளிவாகவே சொன்னான். முத்துராமலிங்கம் காதிலும் விழுந்தது. ஆனால் ஸ்டேஷனில் வழக்கு எழுதும் ரைட்டராக இருந்த காலம் தொட்டு அவருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. எழுதப்படாதது எதுவும் நடக்கவில்லை; எழுதப்பட்டது நடந்ததுதான். தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தபோதே பாதி ரோம் பார்த்தாகிவிட்டது. மறுநாள் மைதானத்தில் மீதியையும் பார்த்தார்.

விசா இருவருக்கும் வந்தது. சிங்கங்கள் ஒரு ஹோட்டல் மாடியில் வழியனுப்பு விழா எடுத்தார்கள். பொன்னாடை, ஆளுயர மாலை, ஏழு பேச்சு. முடங்கியாறு ரோட்டு முனையில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். கறுப்புக் கண்ணாடியோடு முத்துராமலிங்கம் வலது கையை உயர்த்தியிருக்க, பின்னால் ஈபிள் கோபுரம். 'ஐரோப்பா அழைக்கிறது!' அடியில் மகன் பெயர், மருமகள் பெயர், வியன்னா. அந்தக் கோபுரம் வியன்னாவிலும் இல்லை, ரோமிலும் இல்லை என்பதைச் சிங்கங்களில் யாரும் கவனிக்கவில்லை. கவனித்த பரிபூரணம் டீச்சர் அதைச் சொல்லவில்லை.

பரிபூரணம் டீச்சர் முத்துராமலிங்கத்தின் தெருக்காரர், ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை. பாண்டிதுரைக்கும் அவன் அக்காள் வெங்கடேஸ்வரிக்கும் கைபிடித்து எழுதச் சொல்லிக் கொடுத்தவர். டீச்சரின் ஒரே மகன் இரண்டு வருடத்துக்கு முன் சேத்தூருக்குப் பிரியும் விலக்கில் பைக்கோடு விழுந்தவன். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை, அன்றிலிருந்து கட்டில்தான். விழா முடிந்து எல்லோரும் கை கழுவப் போனபோது டீச்சர் அவரிடம் வந்து, கைக்குட்டையில் பொதிந்த ஒன்றைக் கொடுத்தார். கறுப்பு மணி ஜெபமாலை.

"ரோம்ல பெரிய கோயிலுக்குள்ள, பேதுருன்னு சொல்றாகளே, அந்த ராயப்பர் சுரூபம் இருக்கும்யா. வெங்கலச் சிலை. வாரவுக தொட்டுத் தொட்டு அவர் வலது கால் விரலெல்லாம் தேஞ்சு போயிருக்கும். அந்தக் கால்ல இத ஒரு தடவ வச்சு எடுத்துட்டு வந்தாப் போதும். நான் எந்தக் காலத்துல அங்கன போகப்போறேன்?"

"இதென்ன டீச்சர், வச்சுட்டு வாரேன்" என்றார் முத்துராமலிங்கம், பக்கத்து டீக்கடைக்குப் போய்வருகிற தோரணையில்.

பயணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது பாண்டிதுரை பேசினான். டிக்கெட் ஒன்றுதான் போட்டிருக்கிறானாம். அம்மாவுக்கு.

"வீடு சின்னதுப்பா. ஒரே பெட்ரூம். நீங்க வந்தா ஒங்களச் சுத்திக் காட்டணும், லீவு இல்ல. நீங்களும் சும்மா இருக்க மாட்டீக. அடுத்த தடவ பாப்போம். அம்மாட்டச் சொல்லி மிளகாய்ப்பொடி கொஞ்சம் கூடவே குடுத்து விடுங்க."

முத்துராமலிங்கம் போனை வைத்துவிட்டு வெகுநேரம் பிளாஸ்டிக் உறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி பாலம்மாள் மெதுவாகச் சொன்னாள்: "எனக்குப் பதிலா நீங்க போங்களேன். எனக்கு அந்த ஏரோப்பிளான்ல ஏறவே பயமா இருக்கு."

"எனக்குப் பச்சப்பிள்ளையக் குளிப்பாட்டத் தெரியுமாட்டி?"

கேட்ட பிறகுதான், அவளை எதற்காக அழைக்கிறார்கள் என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் தெளிவாகப் புரிந்தது. பாலம்மாள் மிளகாய் வறுக்க அடுப்படிக்குப் போனாள்.

ஊரில் சொல்லியிருக்கலாம். டிக்கெட் கிடைக்கவில்லை, உடம்பு சரியில்லை, எதையாவது. இரண்டு பகல் யோசித்தார். ஒவ்வொரு சாக்கையும் ஆண்டிச்சாமியின் வாயில் வைத்துப் பார்த்தார். அந்த வாயில் எந்தச் சாக்கும் தங்கவில்லை. கடைசியில் தென்காசியிலிருந்து ஒரு காரை வரவழைத்தார், ஊர்க்கார டிரைவர் வேண்டாம் என்று. சிங்கங்கள் கையசைக்க, இரண்டு பேரும் நான்கு பெட்டிகளோடு ஏறினார்கள். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் பாலம்மாள் மட்டும் உள்ளே போனாள். போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தாள். யாரோ ஒரு மலையாளத்துப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் வரிசையில் மறைந்த பிறகு, முத்துராமலிங்கம் தன் பெட்டியோடு அதே காரில் திரும்பி ஏறினார்.

மத்தியானம் வண்டி சேத்தூரைத் தாண்டி ராஜபாளையத்துக்குள் நுழைந்தபோது கண்ணாடியை ஏற்றச் சொல்லி, தலையில் துண்டைப் போட்டுச் சீட்டில் சரிந்துகொண்டார். நெரிசலில் வண்டி நின்ற இடம் அவர் ஃபிளெக்ஸுக்கு நேர் கீழே. துண்டின் இடுக்கில் பார்த்தார். மேலே இருந்தவர் வலது கையை உயர்த்தி அவருக்கு விடை கொடுத்தார்.

போன இடம் ஸ்ரீவில்லிபுத்தூர், மடவார் வளாகம், மகள் வெங்கடேஸ்வரி வீடு. அதைவிடப் பத்திரமான இடம் இல்லை. மகள் வீட்டுக்கு எஸ்.ஐ. போகமாட்டார் என்பது ஊருக்கே தெரியும். மாப்பிள்ளை முத்துவீரன் எரிந்த மோட்டாருக்குச் செம்புக் காயில் கட்டுகிறவன். முன்னால் கடை, பின்னால் வீடு. கல்யாணம் செய்து வைத்தது அவரேதான். பிறகு மகன் வெளிநாடு போனதும், மாப்பிள்ளை கையில் இருக்கிற கிரீஸ் அவர் கண்ணுக்கு அதிகமாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. கடைசியாக வந்து மூன்று வருடம்.

வெங்கடேஸ்வரி அவரையும் பெட்டியையும் பார்த்தாள். அம்மா போய்ச் சேர்ந்தாளா என்று கேட்டாள். சோறு போட்டாள். அவர் ரசத்துக்கு வரும்போதுதான் பேசினாள்.

"ஃபிளெக்ஸ் நல்லாருந்துச்சுப்பா. வாட்ஸாப்ல பாத்தேன். மகன் பேரு இருந்துச்சு, மருமக பேரு இருந்துச்சு."

"அது பசங்க அடிச்சது."

"பசங்களுக்கு வயசு அறுபத்தாறு இருக்குமா?" என்று கேட்டு மோர் ஊற்றினாள்.

கடைக்குப் பின்னால், செம்புக் கம்பிச் சுருள்கள் அடுக்கிய அறையில் அவருக்குக் கட்டில். பக்கத்திலேயே கட்டி முடித்த காயில்களை வார்னிஷில் முக்கிக் காய வைக்கிற இடம். அந்த நெடி தலையணையில், சட்டையில், சோற்றில் ஏறியது. அலமாரி இல்லாததால் பெட்டியைத் திறந்தே வைத்திருந்தார். கைக்குட்டைப் பொதி எல்லாவற்றுக்கும் மேலே கிடந்தது. கைக்கடிகாரத்தை மூன்றரை மணி நேரம் பின்னுக்குத் திருப்பினார். இங்கே பகல் சாப்பாடு முடிந்து ஏப்பம் விடும்போது அங்கே காலை என்று கணக்குப் போட்டுத்தான் சிங்கங்களின் வாட்ஸாப் குழுவில் 'குட் மார்னிங் ஃப்ரம் வியன்னா' போட வேண்டும். ஒரு நாள் மறந்து இங்கே காலை ஆறு மணிக்கே போட்டுவிட்டார். 'அங்கு நள்ளிரவு இரண்டரை அல்லவா, உறங்கவில்லையா எஸ்.ஐ.?' என்று ஆண்டிச்சாமி கேட்டிருந்தார். 'பேரன் அழுகிறான்' என்று பதில் போட்டார். பேரன் பிறக்க அப்போது இன்னும் இரண்டு நாள் இருந்தது. அதை அழிப்பதற்குள் பதினோரு பேர் பார்த்துவிட்டார்கள். நல்லவேளை, சிங்கங்கள் எதையும் முழுசாகப் படிப்பதில்லை.

பாலம்மாளிடம் ஊரைப் பற்றிக் கேட்டு எழுதலாம் என்று பார்த்தால் அதுவும் நடக்கவில்லை.

"ஊரு எப்படிட்டி இருக்கு?"

"எனக்கென்ன தெரியும்? அடுப்படி நல்லாருக்கு. சன்னல்ல ஒரு மரம் தெரியுது."

"வெளிய போகலையா?"

"எங்க போக? குளிரு. பிள்ளை ஆய் போய்க்கிட்டே இருக்கான். நீங்க எங்கயாச்சும் போனீகளா?"

"இங்கயும் ஒரு சன்னல்தான்" என்றார். எதிரே தெரிந்தது வைத்தியநாத சுவாமி கோயில் மதில். இரண்டு பேரும் போனைக் காதில் வைத்தபடி அவரவர் சன்னலைப் பார்த்தார்கள்.

ஒன்பதாம் நாள் வந்தது. தாளில் இருந்தபடியே குழுவில் போட்டார்: 'இன்று ரோம் பயணம். 765 கி.மீ. ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம்.' கும்பிடு போடும் கைகள் வரிசையாக வந்தன. கடைசியில், நடக்க வராமல் குழுவில் மட்டும் இருக்கும் பரிபூரணம் டீச்சர்: 'ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பாராக. மாலையை மறந்துவிடாதீர்கள் ஐயா.'

மறுநாள் பிற்பகல் மூன்று மணி போல, கடை வாசலில் ஒரு குட்டியானை சரக்கு வண்டி நின்றது. இறங்கியவர் ஆண்டிச்சாமி; அந்தக் குரலைக் கேட்டதும் முத்துராமலிங்கம் கட்டிலிலிருந்து எழுந்து சுவரோரம் ஒதுங்கினார்.

"ஏ முத்துவீரா! தோப்புச் சப்மெர்சிபிள் மோட்டார் எரிஞ்சு போச்சுப்பா. ராஜபாளையத்துல கேட்டா ஒரு வாரங்கான். நீ ரெண்டு நாள்ல தருவியாமே."

"தந்துருவோம் அண்ணாச்சி. எறக்கி வையுங்க."

நடுவே இருந்தது ஒரு பூப்போட்ட திரைச்சீலை. அதற்கு இந்தப் பக்கம் ரோம். வெங்கடேஸ்வரி சத்தமில்லாமல் வந்து அப்பாவின் செருப்பை எடுத்து உள்ளே போட்டாள். அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை.

"என்னப்பா வாடை இது, நெஞ்ச அடைக்கு" என்றார் ஆண்டிச்சாமி.

"வார்னிஷ் அண்ணாச்சி. பழகிரும்."

"போன தடவ நீ கட்டிக் குடுத்த மோட்டார் எங்க மோட்டார் ரூமுல ஒரு மாசம் நாறுச்சு. சரி, ஒங்க மாமனாரு இந்நேரம் ரோம்ல ராஜா கணக்கா நடந்துக்கிட்டிருப்பாரு. ஒன்னயெல்லாம் கூட்டிட்டுப் போகலையா?"

"எனக்கு இங்கன சோலி கெடக்கு."

"செத்த இரு, கேப்போம்." அவர் போனில் எழுதுகிற சத்தம். திரைக்குள் முத்துராமலிங்கத்தின் கையில் போன் ஓசையில்லாமல் ஒளிர்ந்தது. 'ரோம் எப்படி இருக்கு எஸ்.ஐ.?' பதில் போடாவிட்டால் சந்தேகம். ஒற்றை விரலால் அடித்தார்: 'லேசான மழை. கோவில் பெரிது.'

நாலடி தூரத்தில் ஆண்டிச்சாமி அதை உரக்க வாசித்தார். "மழையாம்ல! குடுத்து வச்ச மனுசன்."

முத்துவீரன் மோட்டாரின் மூடியைக் கழற்றினான்.

வண்டி போனதும் வெங்கடேஸ்வரி உள்ளே வந்தாள். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். திறந்த பெட்டியில் கைக்குட்டை அவிழ்ந்து கறுப்பு மணிகள் தெரிந்தன. அவள் அதையே பார்த்தாள்.

"ஊரை ஏமாத்துங்கப்பா. ஊரும் ஒங்கள ஏமாத்தத்தான் செய்யுது. டீச்சர்ட்ட மட்டும் உண்மையச் சொல்லிருங்க. எனக்குக் கையப் பிடிச்சு எழுதச் சொல்லிக் குடுத்தவுக."

"சொல்லாம என்ன? போனதும் மொத வேலை அதான். முடியலன்னு சொல்லித் திருப்பிக் குடுத்துருவேன்."

"சத்தியமா?"

"போலீஸ்காரன் சொன்னாச் சொன்னதுதான்ட்டி."

அவள் சிரித்தாள். அந்த இருபது நாளில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அவரும் உண்மையாகவே சொல்லத்தான் நினைத்தார். மிச்ச நாளெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். ரோம் போனேன், கோயில் பூட்டியிருந்தது. இது வேண்டாம். ரோமே போகவில்லை, வியன்னாவோடு திரும்பிவிட்டேன். இது தேவலை, முழுப் பொய் பாதியாகிவிடும். நான் எங்கேயும் போகவில்லை டீச்சர். இதை ஒரு தடவைக்கு மேல் சொல்லிப் பார்க்கவில்லை. ஆனாலும் கிளம்பும் நாளில் அதைத்தான் சொல்வது என்று முடிவு செய்திருந்தார். டீச்சர் வெளியே சொல்லமாட்டார். ஈபிள் கோபுரத்தைப் பற்றியே சொல்லாதவர்.

கிளம்பும்போது மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கி வந்து காரில் வைத்தான். "அடிக்கடி வாங்க மாமா" என்றான். அதில் குத்தல் எதுவும் இல்லை என்பதுதான் அவருக்குக் குத்தியது. "எம்புட்டுத் தூரம்ப்பா எங்க வீட்டுக்கும் ஒங்க வீட்டுக்கும்?" என்று வாசலில் நின்று வெங்கடேஸ்வரி கேட்டாள். அவருக்குச் சட்டென்று வரவில்லை. பத்தா, பன்னிரண்டா என்று யோசிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

வீட்டு வாசலில் சிங்கங்கள் நின்றன. மறுபடி மாலை. பாலம்மாள் பேரனுக்காக அங்கேயே தங்கிவிட்டதைச் சொன்னார். கைக்கடிகாரத்தைக் காட்டி, "இன்னும் ஐரோப்பா டயத்துலயே இருக்கு" என்று அவரே சொன்னார், யாரும் கேட்காமல். உள்ளே போய்க் கைக்குட்டையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தார். டீச்சர் வீட்டுக்குத் தனியாகப் போய்விட வேண்டும் என்று கிளம்பியபோது ஆண்டிச்சாமி கூட வந்தார்.

"நானும் அந்தப் பயலப் பாத்து நாளாச்சு. வாங்க."

வேண்டாம் என்று சொல்லக் காரணம் கிடைக்கவில்லை. இருபது நாளாகக் காரணம் தயாரித்துத் தயாரித்து ஓய்ந்துபோயிருந்தார்.

டீச்சர் வாசலிலேயே காத்திருந்தார். நல்ல புடவை உடுத்தியிருந்தார். கட்டிலில் மகன், மழித்த முகத்தோடு, தலைசீவி, சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வீடு கழுவிவிட்டிருந்தது. விருந்தாளிக்கு இல்லை, வேறு யாரோ வருவதற்குப் போல. முத்துராமலிங்கம் வாயைத் திறந்தார்.

"டீச்சர், ஒரு விசயம்..."

அதற்குள் டீச்சர் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டிவிட்டார். கோயிலில் நற்கருணை அப்பம் வாங்க நீட்டுகிற கை. அவர் அந்தக் கையைப் பார்த்தார். பின்னால் நிற்கிற ஆண்டிச்சாமியின் மூச்சைக் கேட்டார். கைக்குட்டையை அதில் வைத்தார்.

டீச்சர் பிரித்து, மாலையைக் கண்ணில் ஒற்றி, முத்தமிடப் போய், நிறுத்தினார். மூக்கருகே கொண்டுபோனார். "என்னமோ வாசம் வருதுய்யா. போகும்போது இது இல்ல."

கட்டில் பக்கம் குனிந்திருந்த ஆண்டிச்சாமி நிமிர்ந்தார். காற்றை ஒரு முறை இழுத்தார். ஒரு மாசம் தன் மோட்டார் ரூமில் இருந்த வாசம். மெதுவாகத் திரும்பி, முத்துராமலிங்கத்தின் முகத்தை, சட்டையை, மூன்றரை மணி நேரம் பிந்திய கடிகாரத்தைப் பார்த்தார். முத்துராமலிங்கம் அந்த வாய் திறக்கக் காத்திருந்தார். அது திறந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டால்கூடத் தேவலை என்று இருந்தது.

"அங்கன அப்படித்தான் டீச்சர்" என்றார் ஆண்டிச்சாமி. "சாம்பிராணி மாதிரி வேற ஒண்ணு போடுவாகளாம். ரோம் வாசம்."

அவர் குரலில் வழக்கமான கேலி இல்லை. அது இல்லாததைத்தான் முத்துராமலிங்கத்தால் தாங்க முடியவில்லை.

"மாமா" என்று கட்டிலில் இருந்தவன் கூப்பிட்டான். "ரோமுக்கு வியன்னாலேருந்து எம்புட்டு நேரம்?"

அறையில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவருக்குத் தெரிந்த ஒரே உண்மை அதுதான்.

"ஒரு மணி முப்பத்தஞ்சு நிமிசம்ப்பா" என்றார். "எழுநூத்தி அறுபத்தஞ்சு கிலோமீட்டரு."

"அம்புட்டுத்தானா?" என்று அவன் ஆச்சரியப்பட்டான்.

டீச்சர் போர்வையைக் கொஞ்சம் விலக்கினார். மெலிந்து வெளுத்துப்போன வலது காலின் பாதத்தில், விரல்களுக்கு மேலே, மாலையைச் சுற்றி வைத்தார். சிலுவை பெருவிரலில் தொங்கியது. கண்களை மூடி உதடு அசைத்தார். பிறகு கண்களைத் திறந்து, அசைகிறதா என்று அந்த விரல்களைப் பார்த்தார். மகன் பார்த்தான். ஆண்டிச்சாமி பார்த்தார். முத்துராமலிங்கமும் வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அங்கேயே பார்த்தார். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. காலடியில் போர்வையின் நுனி லேசாக அசைந்தது.

டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் கிட்டே குனிந்தார்.